அன்னாசி பங்களா

சாக்கும் கயிறுமாக ஒரு மனிதர் கேட்டுக்கு வெளியே வந்து நின்றார். மேலே ஏறி வந்த களைப்பில் மூச்சு வாங்கியது. கன்னிவாடிச் சந்தையில் பழக்கடை வைத்திருப்பவராம். கொடைக்கானல் பஸ்ஸில் முதல் தடவையாக வந்திருக்கிறார்.

"நர்ஸம்மா, பழம் எப்பிடிக் குடுக்குறீங்க?"

"எந்தப் பழம்?"

"அன்னாசிதாங்க. மொத்தமா எடுத்துக்கிறேன். வெரசா சொன்னீங்கன்னா மத்தியான பஸ்ஸப் பிடிச்சிருவேன்."

இது நோயாளிகள் உடம்பு தேறுகிற இடம், பழத்தோட்டம் இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். யூகலிப்டஸ் மரங்கள், கொடியில் காயும் வெள்ளைப் போர்வைகள், வராந்தாவில் மப்ளர் சுற்றி வெயில் காயும் இரண்டு கிழவர்கள். அன்னாசிச் செடி ஒன்றுகூட இல்லை.

"அன்னாசி பங்களான்னுதானே கண்டக்டர் எறக்கிவிட்டாரு? அப்ப பேரு மட்டும்தான் வச்சிருக்கீங்களாக்கும்."

கோபித்துக்கொள்ளாமல் ஒரு டம்ளர் டீ குடித்தார். வெறும் சாக்கை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார். எனக்கு அன்று முழுக்கச் சிரிப்பு அடங்கவில்லை.

கல்லில் இருந்த பெயர்

மதுரையில் நர்ஸ் படிப்பை முடித்து, எழுபதுகளின் நடுவில் நான் மலை ஏறிய கதையை இந்தத் தொடரில் முன்பே சொல்லிவிட்டேன். வேலை பார்த்த வீட்டின் பெயரை மட்டும் சொல்லாமல் வைத்திருந்தேன். ஒரு வாரம் முழுக்க அதற்கே வேண்டும் என்று நினைத்ததுதான் காரணம்.

கேட்டுக்குப் பக்கத்துக் கல்தூணில் ஆங்கில எழுத்தில் 'அனஸ்தாசிஸ்' என்று செதுக்கியிருந்தது. கடைசி எழுத்துகளைப் பாசி மூடிவிட்டது. மிச்சம் இருந்ததை ஊரார் தங்கள் வாய்க்குத் தக்கபடி அன்னாசி ஆக்கிக்கொண்டார்கள். போஸ்ட்மேன், பால்காரர், விறகு கொண்டு வருபவர், எல்லாருக்கும் அன்னாசி பங்களாதான். நானும் சேர்ந்த புதிதில் வீட்டுக்குக் கடிதம் எழுதும்போது அப்படித்தான் முகவரி போட்டேன். பதில் ஒழுங்காக வந்துசேர்ந்தது.

யாரோ ஒரு வெள்ளைக்கார மிஷனரி கட்டிய வீடு. நெஞ்சுநோய் கண்ட மனைவி இந்த மலைக்காற்றில் பிழைத்து எழுந்ததால் அந்தப் பெயரை வைத்தார் என்பார்கள். இல்லை, அந்த அம்மாள் பிழைக்கவில்லை, அதனால்தான் வைத்தார் என்பார்கள் வேறு சிலர். எது உண்மையோ, எனக்குத் தெரியாது. பிற்பாடு சபையார் அதை நலம் தேறும் இல்லமாக மாற்றினார்கள். ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் முடிந்தவர்கள், எலும்பு முறிந்து கட்டுப் போட்டவர்கள், கொஞ்ச நாள் தங்கி உடம்பைத் தேற்றிக்கொண்டு போவார்கள். அவர்களைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ் நான்.

அந்தப் பெயருக்கு அர்த்தம் சொன்னவர் எங்கள் போதகர் ஜெயசீலன். என் வயதுதான் இருக்கும். வேதாகமக் கல்லூரியில் கிரேக்கம் படித்தவர். படித்ததை யாரிடம் காட்டுவது என்று தெரியாமல் தவித்துக்கொண்டிருந்தார்.

"அனா என்றால் மேலே, மறுபடியும். ஸ்தாசிஸ் என்றால் நிற்பது. மறுபடி எழுந்து நிற்பது. உயிர்த்தெழுதலுக்கு மூலத்தில் இந்த வார்த்தைதான்மா இருக்கு. இங்கிலீஷ்காரங்களே இப்ப அத அவ்வளவா பயன்படுத்துறதில்ல. டிக்‌ஷனரியில ஒரு மூலையில கெடக்கு."

"அத நம்மாளுக பழமாக்கிட்டாங்களே, ஐயா."

"பரவாயில்ல. பவுல் அப்போஸ்தலர் ஏதென்ஸ்ல போயி இயேசுவையும் அனஸ்தாசிசையும் பத்திப் பேசினப்போ, அங்க உள்ளவங்க அத ஏதோ ஒரு பெண் தெய்வம்னு நெனச்சுக்கிட்டாங்கன்னு சிலர் சொல்றாங்க. அதுக்குப் பழம் எவ்வளவோ மேல்."

எங்களுக்குத் துணி வெளுக்க வருகிற அம்மாள் பேத்துப்பாறைக்காரர். கத்தோலிக்கக் குடும்பம். அவர் பெயர் அனஸ்தாசியம்மாள்! வருஷக்கணக்காக இந்த கேட்டைத் திறந்துகொண்டு வந்து போகிறார், தன் பெயரும் வீட்டின் பெயரும் ஒன்று என்று அவருக்குத் தெரியாது. போதகர் ஒருநாள் தூணருகே நிறுத்தி, கரண்டியால் பாசியைச் சுரண்டி, எழுத்து எழுத்தாகக் காட்டினார்.

அந்த அம்மாள் இடுப்பில் கை வைத்து நெடுநேரம் பார்த்தார்.

"அப்ப இந்த வீடு எம்பேருலயா கெடக்கு? இத்தன நாளா ஒருத்தரும் சொல்லலியே. நான்பாட்டுக்குப் பின்வாசல் வழியா வந்துக்கிட்டு இருக்கேன்!"

மறுநாள் முதல் முன்வாசல் வழியாகத்தான் வந்தார்.

ராசம்மா

இப்படிச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்த ஈஸ்டருக்கு முந்திய ஒரு லெந்து நோன்புக் காலத்தில்தான் ராசம்மா வந்து சேர்ந்தார். நாற்பதைத் தாண்டிய வயது. பெரும்பாறைப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில் மிளகு பறிக்கும்போது ஏணியோடு சரிந்து விழுந்து தொடை எலும்பு முறிந்துவிட்டது. மதுரைப் பெரியாஸ்பத்திரியில் மாதக்கணக்கில் கிடந்து எலும்பு கூடியபின், நடை பழகுவதற்காக எங்களிடம் அனுப்பியிருந்தார்கள்.

இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேற்றி அனுப்பப்பட்ட குடும்பம். வந்த மறு வருஷமே புருஷன் காய்ச்சலில் போய்விட்டார். ஒரே மகள் சரோஜா அதே காப்பித் தோட்டத்தில் வேலை பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் மாறி மாறி வந்து, மடியில் கட்டிக்கொண்டு வந்த கமலாப்பழத்தை அம்மாவுக்கு உரித்துக் கொடுத்துவிட்டுப் போவாள். அந்தத் தோலின் வாசம் திங்கட்கிழமைவரை வார்டில் நிற்கும்.

ராசம்மா நல்ல நோயாளி. மருந்தைத் துப்ப மாட்டார். கஞ்சி ஆறிப்போனாலும் குறை சொல்ல மாட்டார். படுத்தபடி காலை நீட்டச் சொன்னால் நீட்டுவார், மடக்கச் சொன்னால் மடக்குவார். பக்கத்துக் கட்டில்காரர்களிடம் தேயிலைக் கொழுந்தைப் பற்றியும், முட்டளவு மழையைப் பற்றியும் கதைத்துக்கொண்டே இருப்பார். பேச்சுக்கு அவர் 'கதை' என்றுதான் சொல்வார்.

ஒன்று மட்டும் செய்ய மாட்டார். எழுந்து நிற்க மாட்டார்.

"எழுந்திரிங்கம்மா, நான் பிடிச்சுக்கிறேன்" என்பேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். வலிக்கிறதா என்றால் இல்லை. பயமா என்றால் அதற்கும் இல்லை. வாரம் ஒருமுறை வருகிற டாக்டரம்மா காலைத் தட்டி, திருகி, எல்லாம் பார்த்தார்.

"எலும்பு நல்லா கூடியிருக்கு, எஸ்தர். இவங்க நிக்கலாம். இனியும் நிக்காம விட்டா தசை வத்திப்போயிரும், முட்டி இறுகிரும். அப்புறம் யார் நினைச்சாலும் முடியாது."

இன்னொரு நெருக்கடியும் இருந்தது. இல்லத்தின் செயலாளர் டேனியல் சார் நல்ல மனிதர், ஆனால் கறார். கட்டில்கள் குறைவு. கீழே ஆஸ்பத்திரிகளில் ஆட்கள் காத்திருந்தார்கள். குணமானவர்கள் ஈஸ்டர் கழிந்ததும் காலி செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டார். எழாதவர்களை மறுபடி பெரியாஸ்பத்திரிக்கே அனுப்பிவிடுவது என்று முடிவு. அங்கே அனுப்பினால் ராசம்மா படுத்த படுக்கைதான் என்பது எனக்குத் தெரியும்.

ஒரு காலைநேரப் பேச்சு

அன்று வெள்ளனே நல்ல பனி. ஜன்னல் கண்ணாடிக்கு வெளியே ஒன்றுமே தெரியவில்லை. நான் ராசம்மாவை ஒருபக்கம் புரட்டிப் போர்வை மாற்றிக்கொண்டிருந்தேன். வழக்கம்போல, "இன்னைக்காவது எழுந்திரிக்கிறீங்களா?" என்றேன்.

அவர் திரும்பாமலே பேசினார்.

"நர்ஸம்மா, எங்கிட்ட எழும்புன்னு சொன்ன ஆளுக யாரும், அதுக்குப் பொறகு உக்காருன்னு சொன்னதில்ல."

போர்வையைப் பிடித்தபடி நின்றுவிட்டேன்.

"சின்னப்புள்ளயில இருட்டோட பெரட்டுக்கு எழும்புன்னாங்க. பெரட்டுன்னா காலையில பேரு கூப்புடுற எடம். சரி, அது வேல. பொறகு தோட்டத்தப் பங்கு போட்டுக் குடுக்கப்போறோம், நாங்க குடியிருந்த லயத்து வீட்ட விட்டு எழும்புன்னாங்க. ஒங்க நாட்டுக்குப் போன்னு கப்பல்ல ஏத்துனாங்க. மண்டபத்துல முகாமுல கெடந்தோம். அடுத்த கப்பல் வருது, எழும்புன்னாங்க. அவரு போனதும் வீடு வேல செய்யிற ஆம்பளைக்குத்தான்னு ஒரு தோட்டத்துல எழுப்பி விட்டாங்க. இப்ப பெரும்பாறையில எங்க லயத்துல வேற ஆள வச்சாச்சுன்னு சரோசா சொல்லுது. அவ கூட்டாளிப்புள்ள வீட்டுல ஒண்டிக்கிட்டு இருக்கா."

கட்டில் சட்டத்தைக் கையால் தடவினார்.

"இந்தக் கட்டிலு ஒண்ணுதான் இருக்கு. நான் நின்னுட்டேன்னா இதுவும் போயிரும். நீங்க நல்லவங்கதான். ஆனா போகச் சொல்லித்தானே ஆகணும்?"

அழவில்லை. அரிசி விலை சொல்வதுபோல் சொன்னார். அந்த நினைப்பைக் காலில் வைத்துக்கொண்டு படுத்திருந்தவரிடம்தான் நான் தினமும் எழுந்திரி, எழுந்திரி என்று கேட்டுக்கொண்டிருந்தேன். கேட்கக் கேட்க அவர் இன்னும் இறுகித்தான் போயிருப்பார்.

அகராதியில் இருந்த இன்னொரு அர்த்தம்

அன்று மாலை போதகர் வராந்தாவில் உட்கார்ந்து, ஈஸ்டர் பிரசங்கத்துக்குத் தடித்த கிரேக்க அகராதி ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தார். நான் டீ கொண்டுபோய் வைத்தேன்.

"எஸ்தரம்மா, நம்ம பங்களாப் பேருக்கு எத்தன அர்த்தம் தெரியுமா? மரிச்சவங்கள எழுப்புறது. தூக்கத்துலேர்ந்து எழும்புறது. பெரியவங்க வந்தா எழுந்து நிக்கிறது. சுவர் எழுப்புறது, சிலை எழுப்புறது..."

விரலால் அடுத்த வரியைத் தொட்டவர் வாசிக்காமல் தாண்டினார்.

"அது என்ன, விட்டுட்டீங்க?"

"அது பிரசங்கத்துக்கு ஆகாது. பழைய கிரேக்கத்துல ஒரு ஊர்ச் சனங்கள இருந்த எடத்துலேர்ந்து கிளப்பி அனுப்புறதுக்கும் இதே வார்த்தைதான். ஊர காலி பண்ணுறது. உயிர்த்தெழுதலுக்கும் ஊர விட்டு விரட்டுறதுக்கும் எப்படி ஒரே வார்த்தை வச்சானுகன்னு தெரியல."

எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை. நம் பேச்சிலும் அப்படித்தானே இருக்கிறது! தூங்குகிற பிள்ளையை எழுப்புகிறோம். சுவரை எழுப்புகிறோம். கல்யாணப் பந்தியில் சாப்பிட உட்கார்ந்தவரை, இடம் இல்லை என்று எழுப்பியும் விடுகிறோம். ஒரே சொல்தான். யார் சொல்கிறார்கள், சொன்னபின் என்ன செய்கிறார்கள் என்பதில் இருக்கிறது அர்த்தம்.

காலையில் ராசம்மா சொன்னதை அப்படியே அவரிடம் சொன்னேன். அவர் டீயைத் தொடவில்லை. ஆடை படிந்துவிட்டது.

"அந்த அம்மா அந்த ஒரு அர்த்தத்த மட்டும்தான் பாத்திருக்காங்க" என்றார் மெதுவாக. பிறகு அகராதியை மூடினார். "வாங்க, டேனியல் சாரப் பாத்துட்டு வருவோம்."

முதலில் எது?

சமையலறைக்குப் பின்னால் விறகு அடுக்கும் அறை ஒன்று இருந்தது. சமையல்காரர் காய் நறுக்க ஒரு ஆள் வேண்டும் என்று ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். உட்கார்ந்து செய்யும் வேலை. இரண்டையும் ராசம்மாவுக்குக் கொடுத்தால் என்ன என்பதுதான் எங்கள் யோசனை.

டேனியல் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நல்ல யோசனைதான். முதல்ல அவங்க நடக்கட்டும். அப்புறம் பாக்கலாம்."

"இல்லைங்க சார், அறை முதல்ல" என்றேன். "அறை இருந்தாத்தான் நடப்பாங்க."

"நடக்க முடியாதவங்களுக்கு அறை எதுக்கு எஸ்தர்? நாளைக்கு அவங்க எழுந்திரிக்கவே இல்லைன்னா? கட்டிலும் போச்சு, அறையும் போச்சு. கமிட்டியில நான்தானே பதில் சொல்லணும்?"

"நானும் வந்து சொல்றேன் சார்."

"எத வச்சு சொல்லுவீங்க?"

போதகர் குறுக்கிட்டார். "நீங்களே ஒருதடவை வந்து அவங்ககிட்டப் பேசிப் பாருங்க சார்."

மறுநாள் டேனியல் சார் வந்தார். கோட்டுப் போட்ட ஆள் வார்டுக்குள் நுழைவதைப் பார்த்ததுமே ராசம்மா கட்டிலுக்கு அடியில் கையை விட்டார். ஒரு துணிமூட்டையை இழுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டார். தலைமாட்டில் இருந்த சீப்பை எடுத்து மூட்டைக்குள் செருகினார். கொடியில் கிடந்த துண்டை எட்டி எடுத்து மடித்தார். யாரும் இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. கிளம்பச் சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று அவரே முடிவு செய்து, தயாராகிவிட்டார். அந்தக் கைகளின் பழக்கத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

டேனியல் சார் பேச வந்ததைப் பேசவில்லை. திரும்பி வெளியே போனார். கோபமோ என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் கையில் நீளமான இரும்புச் சாவியோடு வந்து, அதை அந்த மூட்டையின்மேல் வைத்தார்.

"சமையக்கட்டுக்குப் பின்னால ஒரு ரூம் இருக்கும்மா. அது ஒங்களுக்கு."

ராசம்மா சாவியைப் பார்த்தார். அவரைப் பார்த்தார்.

"எத்தன நாளைக்குங்க?"

டேனியல் சார் வாசல்பக்கம் திரும்பிக்கொண்டார். "நாள் கணக்கெல்லாம் இல்ல" என்று சொல்லிவிட்டு வேகமாக வெளியேறினார்.

ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை

ஈஸ்டர் அன்று ராசம்மா எழுந்து நடந்தார் என்று எழுதினால் பொருத்தமாக இருக்கும். போதகருக்கும் நல்ல பிரசங்கம் கிடைத்திருக்கும். ஆனால் அப்படி நடக்கவில்லை. ஈஸ்டர் காலையில் ஊரே ஏரிக்கரைப் பக்கம் பாடிக்கொண்டு போனபோது அவர் சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்துப் படுத்திருந்தார். நானும் ஒன்றும் கேட்கவில்லை. எழுந்திரி என்ற வார்த்தையையே விட்டுவிட்டேன். விறகை வெளியே எடுத்தாச்சு, சுவருக்குச் சுண்ணாம்பு அடிச்சாச்சு என்று சேதி மட்டும் சொல்வேன். அனஸ்தாசியம்மாள் தன் வீட்டிலிருந்து ஒரு பழைய பாயைக் கொண்டுவந்து போட்டார். இந்த வேலைகளுக்கு ராசம்மாவிடம் கேட்டுச் சாவியை வாங்கிப்போய், முடிந்ததும் பூட்டித் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

அதற்கப்புறம் வந்த ஒரு செவ்வாய்க்கிழமை. மழை பெய்து ஓய்ந்து நல்ல வெயில். ராசம்மா ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நர்ஸம்மா, அந்த ரூம்பப் பூட்டியேவா வச்சிருக்கீங்க?"

"ஆமா."

"சுண்ணாம்பு அடிச்ச ரூம்பப் பூட்டிப் போட்டா ஈரம் ஏறிராதா? வெயில் அடிக்கையில தொறந்து விட வேணாமா?"

"நான் போய்த் தெறந்து விடவா?"

"தொறக்க எப்பிடி? சாவி எங்கிட்டல்ல கெடக்கு" என்றார்.

சொல்லிக்கொண்டே போர்வையை விலக்கினார். காலைத் தரையில் இறக்கினார். சில்லிட்ட சிமெண்டில் பாதம் பட்டதும் ஒருதரம் சிலிர்த்தார். ஒரு கையில் தடி, மறுகையில் சாவி. என் தோளில் சாய்ந்து எழுந்தார். கால் நடுங்கியது. உதட்டைக் கடித்துக்கொண்டார்.

வார்டைக் கடந்தோம். தாழ்வாரத்தில் பாதியில் நின்று சுவரில் சாய்ந்தார். நெற்றியில் வியர்வை. திரும்பிப் போகலாமா என்று கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை. சமையல்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, வழியில் கிடந்த முட்டைக்கோஸ் கூடையை மட்டும் சத்தமில்லாமல் நகர்த்தினார். அனஸ்தாசியம்மாள் ஈரத்துணி வாளியைத் தள்ளி வைத்துவிட்டு ஒதுங்கி நின்றார். அந்த வேளை பார்த்துத்தான் போதகரும் கேட்டைத் திறந்துகொண்டு வந்தார்.

என்ன ஆயிற்று என்று நீங்கள் பதற வேண்டாம், சொல்லிவிடுகிறேன். ராசம்மா அந்த அறையில் எண்பதுகள் நெடுக இருந்தார். லேசாக விந்தி நடப்பார், அவ்வளவுதான். கொஞ்ச நாளில் சரோஜாவும் வந்து சேர்ந்தாள். நகரத்து ஹோட்டல் ஒன்றில் வேலைக்குப் போய், கல்யாணமும் முடிந்து, பிரசவத்துக்கு அந்த அறைக்கேதான் வந்தாள். டேனியல் சாரைக் கமிட்டியில் யாரும் கேள்வி கேட்கவில்லை. ராசம்மா வைக்கும் ரசத்தைச் சாப்பிட்டபின் கேட்க மனம் வரவில்லை போலும்.

ஆனால் எனக்கு நினைவில் நிற்பது அந்தச் செவ்வாய்க்கிழமைதான். பூட்டு இறுகிக் கிடந்தது. நான் கையை நீட்டினேன், சாவியைக் கொடுக்கவில்லை. இரண்டு கையாலும் பிடித்துத் திருகினார். கதவு திறந்தது. உள்ளே போனார். போய், எங்கள் முகத்துக்கு முன்னால் கதவைச் சாத்திக்கொண்டார்.

நானும் போதகரும் வெளியே நின்றோம். உள்ளே சத்தமே இல்லை. விழுந்துவிட்டாரோ என்று தோன்றியது. கதவைத் தட்டக் கை தூக்கியபோது போதகர் தடுத்தார். பிறகு ஜன்னல் திறக்கிற ஓசை. தடி தரையில் ஊன்றி ஊன்றி மூலைக்கு மூலை போகிற ஓசை. பாயை உதறுகிற ஓசை.

கதவு திறந்தது. ராசம்மா ஒரு கையைச் சுவரில் வைத்து நின்றுகொண்டிருந்தார். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் சமையல் அடுப்பு.

"செவரு கதகதன்னு இருக்கு" என்றார். முகம் முழுக்கச் சிரிப்பு.

நான் ஆவலாக உள்ளே காலெடுத்து வைக்கப் போனேன்.

"நர்ஸம்மா, செருப்ப வெளிய கழட்டிட்டு வாங்க. போதகரய்யா, நீங்களுந்தான்."

கழற்றினோம். அறையில் நாற்காலி கிடையாது. என்ன செய்வது என்று தெரியாமல் நாங்கள் இருவரும் நின்றோம். அவர் பாயைக் காலால் எங்கள் பக்கம் தள்ளினார்.

"உக்காருங்க" என்றார்.